புதுசா, பழசா, வாடகையா? கல்யாணம் ஆன கேமராக்காரரின் கணக்கு

மூன்று வருடத்துக்கு முந்தைய மார்கழியில் ஒரு ஞாயிறு. கோவை சிங்காநல்லூர் குளத்துக் கரையில் குளிரில் இரண்டு மணி நேரம் நின்று ஒரு கூழைக்கடாவைப் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன்.

"பறவை எங்கே?" என்றாள் மனைவி.

தண்ணீருக்கு நடுவில் வெள்ளையாக இருந்ததைத் தொட்டுக் காட்டினேன்.

"நான் யாரோ தெர்மாகோல் போட்டுட்டாங்கன்னு நினைச்சேன்."

அன்றைக்குப் பிடித்தது எனக்கு லென்ஸ் ஆசை. கையில் இருந்தது நிக்கான் டி7200 பாடியும் (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) ஒரு 70-300 லென்ஸும். இரண்டும் கல்யாணத்துக்கு முன்பு வாங்கியவை. அப்போதெல்லாம் சம்பளம் வந்த மறுநாள் கடைக்குப் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். இப்போது வீட்டுக் கடன், மகளின் பள்ளி, அப்பாவின் மாத்திரை எல்லாம் வரிசையில் எனக்கு முன்னால் நிற்கின்றன. வேண்டியது 500 எம்.எம். வரை போகும் ஒரு லென்ஸ். அந்த எண் கூடக் கூட தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும். அதை வீட்டுக்குள் கொண்டுவர எத்தனை வழி உண்டோ அத்தனையையும் ஒன்றரை வருடம் உட்கார்ந்து யோசித்தேன். சிலவற்றை நானே செய்து பார்த்தேன். மற்றவற்றை நண்பர்கள் செய்யப் பார்த்தேன். எந்த லென்ஸ் கூர்மை என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்த வழியில் வாங்கினால் வீட்டில் என்ன ஆகும் என்பதை நான் எழுதுகிறேன்.

முதலில், வாங்கத்தான் வேண்டுமா? கேமராக்காரர்கள் நடுவில் 'கேஸ்' என்று ஒரு வியாதிக்குப் பெயர் உண்டு. கியர் அக்விசிஷன் சிண்ட்ரோம் என்பதன் சுருக்கம். கிட்டார் வாங்கிக் குவிப்பவர்கள் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ள வைத்த பெயர், பிறகு நம் பக்கம் வந்துவிட்டது. நமக்கு வந்திருப்பது தேவையா கேஸா என்று தெரிந்துகொள்ள நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் பழைய படத்தையும், புதுப் பொருளால் கிடைக்கப்போகும் படத்தையும் காட்டினால் அவருக்கு வித்தியாசம் தெரியுமா? 24 மெகாபிக்சல் பாடியை விட்டுவிட்டு இன்னொரு 24 மெகாபிக்சல் பாடிக்குப் போனால் பெரும்பாலும் தெரியாது. இருட்டில் ஃபோகஸ் பிடிக்கும் வேகம், பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிப்பது போன்றவை எடுப்பவனுக்கு வரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லென்ஸ் கதை வேறு. டி7200-இல் படத்தைப் பதிவு செய்யும் சென்சார் சிறியது. அதில் 300 எம்.எம். என்பது ஃபுல் ஃப்ரேம் என்னும் பெரிய சென்சார் கணக்கில் 450, 500 என்பது 750. தெர்மாகோல் கூழைக்கடாவாக மாறும் வித்தியாசம் அது. மனைவிக்கும் தெரியும்.

சரி, இனி வழிகள்.

கடையில் புதுசு, தவணையில்

ஆசைக்கு மிக அருகில் இருக்கும் வழி. போனில் நாலு தட்டு தட்டினால் போதும், பெட்டி வாசலுக்கு வந்துவிடும். 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்று போட்டிருப்பார்கள். ரிசர்வ் வங்கி 2013-லேயே, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியை வேறு பெயரில் ஒளிக்காதீர்கள் என்று வங்கிகளிடம் சொல்லிவிட்டது. இன்று நடப்பது இதுதான்: வங்கி வட்டி போடுகிறது, விற்பவர் அந்த வட்டி அளவுக்கு விலையில் கழித்துத் தருகிறார். கழிக்காத ஒன்று மிச்சம் இருக்கிறது, அந்த வட்டியின் மேல் வரும் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,20,000 ரூபாய்க்கு 15 சதவீதத்தில் 12 மாதத் தவணை என்றால் வட்டி 10,000 ரூபாயை ஒட்டி வரும். அதன் மேல் வரி சுமார் 1,800. பிராசஸிங் கட்டணம் தனி. பெரிய தொகை இல்லை என்பீர்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. 'நோ காஸ்ட்' என்று வீட்டில் சொல்லி வைத்துவிட்டு, ஸ்டேட்மென்ட்டில் மாதா மாதம் ஒரு சின்ன வரி தனியாக ஏறும்போது விளக்கம் சொல்வதுதான் பாடு.

இன்னொரு சிக்கல் மவுண்ட், அதாவது பாடியில் லென்ஸ் மாட்டும் வாய். கேனன், நிக்கான் இரண்டுமே 2018-இல் மிரர்லெஸ்ஸுக்கென்று (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) பெரிய புது மவுண்ட் கொண்டுவந்துவிட்டன. நிக்கானில் இப்போது எல்லோரும் கை காட்டும் பறவை லென்ஸ் 2023-இல் வந்த 180-600. விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். என் பழைய பாடியில் அது மாட்டாது. அதனால் பாடி மாற வேண்டும், பேட்டரி ஒன்று கூட வேண்டும், வேகமான கார்டு வேண்டும், பையில் இடம் போதாது என்று பையும் வேண்டும். பெண் பார்க்கப் போய் சீர் வரிசை பேசி முடிப்பது மாதிரி, லென்ஸ் பார்க்கப் போனவன் மூன்றரை லட்சத்தில் நின்றேன். 'லென்ஸ் மட்டும்தானே' என்று வீட்டில் சொன்ன வாய் அது.

என் அலுவலக நண்பர் ஒருவர் தீபாவளி போனஸை முன்பணமாகக் கட்டி 12 மாதத் தவணையில் எடுத்தார். ஏழு மாதம் நன்றாகப் போனது. எட்டாவது தவணை ஜூனில் வந்தது. ஜூனில் இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம். தவணையில் வாங்குகிறவர்கள் ஆகும் தொகையைப் பார்ப்பதோடு காலண்டரையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கேமராவால் மாதா மாதம் வருமானம் உள்ளவருக்கு இந்த வழி சரி. என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைக் கலைஞருக்கு வேண்டாம்.

'கல்யாணத்துக்குப் போய் எடுத்துடலாம்'

வருமானம் என்றதும் ஞாபகம் வருகிறது. கேமரா வாங்க அனுமதி கேட்கும் எல்லோரும் ஒரு தடவையாவது சொல்லும் வசனம் இது. "ரெண்டு கல்யாணம் செகண்ட் ஷூட்டரா போனா போட்ட காசை எடுத்துடலாம்." நானும் சொன்னேன். மனைவி ஒன்றும் பேசாமல் தினசரிக் காலண்டரை எடுத்து வந்தாள். அந்த வருடம் தை, வைகாசி, ஆவணி வளர்பிறை முகூர்த்தங்களைக் காட்டினாள். அதில் ஏழு நாள் ஏற்கனவே பென்சிலால் வட்டமிட்டிருந்தது. எல்லாம் எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்துக் கல்யாணங்கள்! ஊரில் எல்லோருக்கும் நல்ல நாள் ஒரே நாள்தான். அன்றைக்குக் காசுக்குப் படம் எடுக்கப் போனால் சித்தி மகள் கல்யாணத்துக்கு யார் போவது?

சொந்தக் கல்யாணத்துக்குக் கேமராவோடு போனால் அது வேறு கதை. "நீதான் கேமரா வச்சிருக்கியே, கொஞ்சம் எடுத்துக் கொடு கண்ணு" என்று பெரியம்மா சொன்ன பிறகு பந்திக்குக்கூட உட்கார முடியாது. மூன்று மணி நேரம் நின்று, இரண்டு வாரம் எடிட் செய்து, கடைசியில் பெட்டிக்குள் வரும் மரியாதை ஒரு துண்டும் தேங்காயும். இந்த வழியை நம்பி யாரும் கடன் வாங்காதீர்கள்.

சிங்கப்பூர் மச்சான்

வெளிநாட்டில் உறவு இருக்கும் வீடுகளில் இந்த யோசனை தானாகவே வரும். சென்னை பர்மா பஜார் காலத்திலிருந்தே வெளிநாட்டுச் சாமான் மலிவு என்ற நம்பிக்கை நம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு மலிவு இல்லை. சிங்கப்பூரில் 2024-இலிருந்து ஜி.எஸ்.டி. 9 சதவீதம். சுற்றுலாப் பயணிக்கு அதை விமான நிலையத்தில் திருப்பித் தருவார்கள். அங்கேயே வேலை பார்க்கும் மச்சானுக்கும், நிரந்தரவாசம் வாங்கியவருக்கும் தர மாட்டார்கள். இங்கே வந்து இறங்கியதும் நம் சுங்கம். நாங்கள் கணக்குப் போட்ட சமயத்தில் நடப்பில் இருந்தவை 2016 விதிகள். அதன்படி 50,000 ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் உள்ள மதிப்புக்கு 38.5 சதவீதம். 1,30,000 ரூபாய் லென்ஸ் என்றால் 80,000-க்கு வரி, அதாவது 30,800 ரூபாய். இந்த வரம்பை அவ்வப்போது மாற்றுவார்கள், பயணத்துக்கு முன்னால் சுங்கத்துறையின் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

"பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டுக் கழுத்துல மாட்டிட்டு வந்துடுவேன் மாப்பிள்ளை" என்றார் மச்சான். நல்ல மனுஷன். அவர் சுங்க மேஜையில் மாட்டிக்கொண்டால் மனைவியின் அண்ணனை அந்த நிலைக்கு ஆளாக்கிய பெருமை எனக்குத்தான் சேரும். அடுத்த பத்துப் பொங்கலுக்கும் அந்தப் பேச்சு ஓடும். போதாததற்கு, வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லாமல் வாங்குவது

இதை ஒரு வழியாகச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். சேர்க்காமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும், ஏனென்றால் எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். கூரியரை அலுவலக முகவரிக்கு வரவைப்பது, பெட்டியை அங்கேயே கிழித்துப் போடுவது, "இது பழசுதான், நீ கவனிச்சதில்ல" என்று சாதிப்பது, 85,000 என்பதை "எட்டாயிரத்து ஐநூறு" என்று ஒரு சைபரை விழுங்கிச் சொல்வது. கறுப்பு லென்ஸ் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது என்ற தைரியம்.

சென்னையில் இருக்கும் ஒரு நண்பர் அப்படி ஒரு 70-200 லென்ஸ் வாங்கினார். எஃப்/2.8, அதாவது நிறைய வெளிச்சத்தை உள்ளே விடுவது, கல்யாண போட்டோகிராபர்கள் கனவு காணும் லென்ஸ். வீட்டில் எங்கே வைப்பது? அது வந்த தோல் உறையோடு, மேலே ஒரு பழைய துண்டைச் சுற்றி, பரணில் கொலுப் பெட்டிக்குப் பின்னால் வைத்தார். ஆகஸ்ட்டில் வைத்தது. இரண்டு தடவை எடுத்துப் பயன்படுத்தினார். அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, வேலையும் கூடிவிட்டது. தை மாதம் எடுத்துப் பார்த்தபோது முன் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளையாக, சிலந்தி வலையைவிட மெல்லிசாக, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கிளை கிளையாக ஏதோ படர்ந்திருந்தது. பூஞ்சை.

லென்ஸில் பூஞ்சை வளர என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டால் அது அப்படியே ஒளித்துவைக்கும் இடத்தின் வர்ணனையாக இருக்கும். இருட்டு, காற்றோட்டமின்மை, ஈரம், தோலும் துணியும், நாள்கணக்கில் தொடாமல் விடுவது. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ஆபத்து, சென்னை மழைக்காலத்தில் அது வெகு சாதாரணம். லென்ஸ் வைக்கும் பெட்டியில் 40-லிருந்து 50-க்குள் இருக்க வேண்டும். முற்றிய பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. இவர் எல்லிஸ் சாலைப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். முழுக்கப் பிரிக்க வேண்டும் என்று அவர் சொன்ன தொகை கையில் இல்லை. பணம் வேண்டும் என்றால் வீட்டில் கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்றால் லென்ஸ் இருப்பதைச் சொல்ல வேண்டும். ஒரே நாளில் மூன்றையும் சொன்னார். வாங்கியதை அவர் மனைவி ஒரு வாரத்தில் மன்னித்துவிட்டாராம். கொலுப் பெட்டியை எடுக்கும்போதெல்லாம் "நான் இறக்கித் தரேன், நீ ஏறாதே" என்று அக்கறையாகப் பேசியதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

விலையில் இது எல்லாவற்றையும்விடக் கூடுதல். வெளியே எடுத்துவைக்க முடியாத லென்ஸை உபயோகிக்கவும் முடியாது.

வாடகை

எங்கள் ஊரில் கேமரா வாடகைக்கு விடுபவர்கள் பலர் இருக்கிறார்கள், பெரும்பாலும் கல்யாணத் தொழிலை நம்பி. ஆதார் நகலும் ஒரு காசோலையும் முன்பணமும் கேட்பார்கள். நிக்கான் 200-500 லென்ஸை சனி மாலை எடுத்துத் திங்கள் காலை கொடுக்க நான் கட்டியது 1,500 ரூபாய். இரண்டு பருவத்தில் நாலு முறை எடுத்தேன்.

இதன் முதல் லாபம் சாட்சி. நான் எத்தனை வார்த்தை சொன்னாலும் நடக்காதது, அதே குளத்தில் அதே கூழைக்கடாவை 500-இல் எடுத்து வந்து காட்டியதும் நடந்தது. அலகின் மேல் இருக்கும் புள்ளிகள் வரை தெரிந்தது. "இது தெர்மாகோல் இல்ல" என்று ஒப்புக்கொண்டாள். இரண்டாவது லாபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த லென்ஸ் 2.3 கிலோ. எங்கள் மகள் பிறந்தபோது 2.9. இரண்டாவது முறை வாடகைக்கு எடுத்து வால்பாறை போனபோது, இதைத் தூக்கிக்கொண்டு அரை நாள் நடப்பது எனக்கு ஒத்துவருமா என்று காசு போடாமலே தெரிந்துகொண்டேன். ஒத்துவந்தது, ஆனால் மறுநாள் தோள்பட்டைக்குத் தைலம் தேவைப்பட்டது. "பிள்ளையைத் தூக்கச் சொன்னா மட்டும் முதுகு வலி" என்ற வாக்கியமும் தைலத்தோடு சேர்ந்து வந்தது.

மூன்றாவது, வாடகை லென்ஸுக்கு ஆரம்பமும் முடிவும் உண்டு. திங்கள் பத்து மணிக்குத் திரும்பக் கொடுத்தாக வேண்டும். அதனால் அந்த ஞாயிறு என்னுடையது, அடுத்த ஞாயிறு வீட்டுடையது என்பது யாரும் பேசாமலே ஏற்பாடாகிவிட்டது.

குறையும் உண்டு. எடுத்த வாரம் மழை பெய்யும், பறவை வராது, காசு போனது போனதுதான். கீழே போட்டால் முழுப் பொறுப்பு நம் தலையில், சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த இரண்டு இரவும் லென்ஸ் பீரோவுக்குள்தான் தூங்கும்.

பணக் கணக்கு எப்படி என்றால், அதே லென்ஸ் பழசாக 62,000-க்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். 1,500 வீதம் 41 வாரக் கடைசி வாடகைக்குச் சமம். வருடத்துக்குப் பத்து முறை போனால் நாலு வருடம். ஆனால் வாங்கினதை இரண்டு வருடம் கழித்து 45,000-க்கு விற்க முடிந்தால் செலவு 17,000, அதாவது 11 வாடகை. ஆக, இரண்டு வருடத்தில் பதினோரு தடவைக்கு மேல் போவேனா என்பதுதான் நான் எனக்கே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. பல பேருக்கு உண்மையான பதில் 'இல்லை'. அவர்கள் வாடகையோடு நிம்மதியாக இருக்கலாம்.

இருப்பதை விற்பது

'ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே' என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. அலமாரியில் ஒரு தட்டுதான் எனக்கு. கிட் லென்ஸாக வந்த 18-140, ஃபிளாஷ், ட்ரைபாட், 35 எம்.எம். எஃப்/1.8 என்று விற்பதற்கு நாலு எடுத்து வைத்தேன். 35-ஐப் பார்த்ததும் மனைவி கையில் எடுத்துக்கொண்டாள்.

"இதை எதுக்கு விக்கிறீங்க?"

"இப்பல்லாம் மாட்டறதே இல்ல."

"பாப்பா படமெல்லாம் இதுலதானே எடுத்தீங்க. இது இருக்கட்டும்."

ஐந்து வருடமாக நான் வாங்கின சாமானையெல்லாம் 'என்' சாமான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். விற்றால் பத்தாயிரம்கூட வராத அந்தக் குட்டி லென்ஸுக்கு இன்னொரு சொந்தக்காரி இருந்திருக்கிறாள். மற்ற மூன்றும் 18,500-க்குப் போயின.

பாடி சீக்கிரம் விலை இறங்கும், லென்ஸ் மெதுவாக இறங்கும் என்பது பழைய விதி. டி.எஸ்.எல்.ஆர். (என்னுடையது போல உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகை கேமரா) லென்ஸ்களுக்கு அது இப்போது பொருந்தவில்லை. எல்லோரும் மிரர்லெஸ் போவதால் அவையும் இறங்கிவிட்டன. விற்பவனுக்கு வருத்தம், பழசு வாங்குபவனுக்குக் கொண்டாட்டம்.

தங்கத்தோடு ஒப்பிட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், நான் பார்த்தேன். "நகைக்குக் கூடத்தான் செய்கூலி சேதாரம் போகுது" என்றேன். "போகுது. பத்து வருஷம் கழிச்சு ஒரு சவரன் ஒரு சவரனாவே இருக்கும். உங்க 18-140?" என்றாள். அரசாங்கமும் அவள் பக்கம்தான். தங்கத்துக்கு 3 சதவீதம் ஜி.எஸ்.டி., கேமராவுக்கு 18. அதுவும் 2019 ஜனவரியில் 28-லிருந்து இறக்கிய பிறகு.

சீட்டு

கடைசியில் பணத்துக்கு நான் போன வழி இது. பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றில் 50,000 ரூபாய்ச் சீட்டு, 20 பேர், மாதம் 2,500, 20 மாதம். 1982 சீட்டு நிதிச் சட்டத்தில் நடத்துபவரின் கமிஷன் அதிகபட்சம் 5 சதவீதம் என்று இருந்தது, 2019 திருத்தத்தில் அதை 7 ஆக்கினார்கள். முதல் மாதங்களில் ஏலத்தில் நிறையத் தள்ளி எடுத்தால் அது கடன் மாதிரி, கடைசியில் எடுத்தால் சேமிப்பு மாதிரி. நான் 16-ஆவது மாதம் எடுத்தேன், கழிவு போக 45,500 வந்தது. பதிவு இல்லாத சீட்டில் போட வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மனைவியும் அதே நாளில் இன்னொரு சீட்டு சேர்ந்தாள், அவள் பெயரில், அதே தொகைக்கு. இரண்டு பேரும் எடுத்த பணத்தை என்ன செய்தோம் என்று மற்றவர் கேட்கக் கூடாது என்பது பேச்சு. எனக்கு முந்தி அவள் எடுத்தாள். கல்லூரித் தோழிகள் மூன்று பேரோடு ஹம்பி போனாள், நாலு நாள். அந்த நாலு நாளும் மகளுக்குத் தலை வாரி, டிபன் கட்டி, வேன் ஏற்றிவிட்டது நான். இரண்டாவது நாள் காலை 7.40-க்கு ஒரு கால் சாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று புரிந்தது. நான் ஞாயிறுதோறும் காலை ஐந்து மணிக்கு வண்டியை உதைத்துக்கொண்டு கிளம்பிப் பத்தரைக்குப் பொங்கல் சாப்பிட வருகிறேனே, அந்த ஐந்தரை மணி நேரத்துக்கு இதுவரை யாரும் எனக்கு பில் போட்டதே இல்லை. நாங்கள் விலை விலை என்று சண்டை போட்டதில் பாதி உண்மையில் அந்த ஐந்தரை மணி நேரத்தைப் பற்றியது. தவணை, பழசு, வாடகை என்று எந்த வழியில் வந்தாலும் லென்ஸ் அந்த நேரத்தைக் கேட்கும். அதன் பிறகு மாதம் இரண்டு ஞாயிறு எனக்கு, இரண்டு அவளுக்கு.

ஈரோட்டில் ஒரு தோழி இருக்கிறார், பூச்சிகளை மேக்ரோவில், அதாவது மிக நெருக்கத்தில், எடுப்பவர். சொந்தச் சம்பளம், யாரையும் கேட்காமல் லென்ஸ் வாங்கிவிடுவார். அவருக்குப் பிரச்சினை விடிகாலையில் தனியாக வயல் பக்கம் போவது. "எனக்கு காசு தர வேண்டாம், காலை காபியை யாராவது போட்டுக்கிட்டா போதும்" என்பார். கேமரா ஆசை என்றாலே கணவன், தடை என்றாலே மனைவி என்று ஜோக் எழுதுபவர்கள் அவரைப் பார்த்ததில்லை.

பழசு

நான் வாங்கியது பழசுதான். பழைய 200-500, எஃப்/5.6, 2015-இல் வெளிவந்த லென்ஸ். என் பாடியில் நேராக மாட்டும். நாளைக்கே மிரர்லெஸ் போனாலும், பழைய லென்ஸைப் புது மவுண்டில் மாட்ட உதவும் எஃப்.டி.இசட். அடாப்டரில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும், ஏனென்றால் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. இன்னும் பழைய ஏ.எஃப்.-டி வகை லென்ஸ்களுக்கு அந்த வசதி கிடையாது, வாங்கும்போது கவனம்.

விற்பவரை காந்திபுரத்தில் ஒரு பேக்கரியில் பார்த்தோம். மனைவியும் வந்தாள், மகளும் தேங்காய் பன்னுக்காக வந்தாள். நான் செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து, மறு பக்கம் கண்ணை வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். தூசி நாலைந்து இருந்தது, அது பரவாயில்லை. வலையும் இல்லை, புகை படிந்த மாதிரி மங்கலும் இல்லை. ஜூம் வளையம் சீராக ஓடியது. என் பாடியில் மாட்டி, ரோட்டுக்கு எதிர்ப்புறம் இருந்த பேருந்தின் பலகையை இருபது முறை ஃபோகஸ் செய்தேன். பில்லில் இருந்த எண்ணும் லென்ஸில் இருந்த எண்ணும் ஒன்றா என்று சரி பார்த்தேன். பாடி வாங்குவதாக இருந்தால் ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நிக்கானில் அது படத்தின் தகவலுக்குள்ளேயே இருக்கும். டி7200-க்கு நிறுவனம் சோதித்ததாகச் சொல்லும் அளவு ஒன்றரை லட்சம்.

இதெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட்டைத் திருப்பிப் பார்த்து ஓரத்தில் ஒரு விரிசலைக் காட்டினாள். 65,000 என்றது 62,000 ஆனது. அப்புறம் டீயை வைத்துவிட்டு, நான் கேட்க மறந்த கேள்வியைக் கேட்டாள்.

"ஏன் தம்பி விக்கிறீங்க?"

அந்தப் பையன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "வைகாசில கல்யாணம்ங்க அக்கா."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் டார்ச்சை அணைத்தேன்.

பறவைகள் எல்லாம் வலசை திரும்பிய பிறகு, சித்திரை வெயிலில், லென்ஸ் வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தது. மிச்சம் இருந்த 2,000 ரூபாயில் இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதமானியும் வாங்கினோம். டப்பா ஹாலிலேயே இருக்கிறது. "அப்பா, நாப்பத்தஞ்சு" என்று தினமும் மகள்தான் படித்துச் சொல்கிறாள்.

போன மாதம் அந்தப் பையன் போன் செய்தான். "அண்ணா, அந்த லென்ஸ் இன்னும் வச்சிருக்கீங்களா? கொடுக்கிறதா இருந்தா நானே எடுத்துக்கிறேன். வீட்ல பேசிட்டேன், சரின்னுட்டாங்க."

கேட்டுச் சொல்கிறேன் என்று போனை மூடிப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மனைவி சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள்.

"எழுபதுன்னு சொல்லுங்க."